தில்லியில் ஒரு வாரம்: காசு கரைவது எங்கே?

தில்லிக்குச் சுற்றுலா போக நினைக்கும் நம்மூர்க் குடும்பங்களில் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தலைநகரத்தில் எல்லாமே விலை, எத்தனை நாள் குறைக்கிறோமோ அத்தனை மிச்சம், ஆகவே மூன்றே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு ரயிலேறிவிட வேண்டும் என்பதுதான் அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டிய இடங்களையும் அவற்றின் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. குதுப்மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் தொல்லியல் துறை 2018-இல் வைத்த கட்டணம் 40 ரூபாய். இணையத்தில் எடுத்தால் 35. பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. வெளிநாட்டுப் பயணிக்கு 600 ரூபாய் என்றாலும், சார்க் நாட்டவருக்கு இந்தியக் கட்டணமே பொருந்தும் என்பதால் யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர் கடவுச்சீட்டைக் காட்டி அதே 40 ரூபாயில் உள்ளே போகலாம். தேசிய அருங்காட்சியகத்துக்கு 20 ரூபாய். இந்தியா கேட், தேசியப் போர் நினைவிடம், ஜும்மா மசூதி, தாமரைக் கோயில், லோதி தோட்டம், காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட வீடான காந்தி ஸ்மிருதி, கன்னாட் பிளேஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அக்ரசேன் படிக்கிணறு எல்லாம் இலவசம். அக்ஷர்தாமிலும் காட்சிகளுக்குத்தான் சீட்டு, கோயிலுக்கு இல்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் முழுக்கப் பார்த்தாலும் நுழைவுக் கட்டணத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதைவிட அதிகமாகாது.

பிறகு ஏன் தில்லி போய் வந்தவர்கள் எல்லாரும் கையைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்கிறார்கள்? அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் தில்லியில் பார்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பம், அலைவதற்கு ஆகும் செலவுதான் பெரிது. தப்பான கிழமையில் தப்பான இடத்துக்குப் போவது, காலையில் தெற்கும் மதியம் வடக்கும் மாலையில் மறுபடி தெற்குமாகத் திரிவது, மலிவு என்று நகரத்தின் ஓரத்தில் ரூம் எடுத்துவிட்டுத் தினமும் போக வர இரண்டு மணி நேரம் தொலைப்பது என்று அவசரத்தாலும் ஒழுங்கின்மையாலும் கரையும் பணம் அது. நாளைக் குறைத்தால் இந்த அவசரம் கூடும். ஆட்டோவையும் வாடகைக் காரையும் தேட வைப்பது அந்த அவசரம்தான்.

முதலில் போக்குவரத்துச் செலவு. சென்னையிலிருந்து மூன்றடுக்கு ஏ.சி.யில் நான்கு பேர் போய் வர 16,000 ரூபாய்க்கு மேல் ஆகும். இது தில்லியில் எத்தனை நாள் இருந்தாலும் மாறாத தொகை. மூன்று நாள் தங்கினால் நாளொன்றுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் இதற்கே போகிறது. ஏழு நாள் தங்கினால் இரண்டாயிரத்து முந்நூறு. தங்கும் ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் ரூம் வாடகை, சாப்பாடு, மெட்ரோ மட்டுமே சேரும். மொத்தத்தில் ஏழு நாளுக்கு அதிகம்தான் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறை செங்கோட்டையைப் பார்த்தோம், மீதியை அடுத்த முறை பார்க்கலாம் என்று திரும்பி வந்து, சில வருடம் கழித்து மறுபடி அதே 16,000 செலவழித்துப் போவதோடு ஒப்பிட்டால் எது சிக்கனம் என்பது தெரியும்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பேச்சு வரும்: ரயிலில் போனால் போக வர நாலு நாள் வீண், விமானம்தான் புத்திசாலித்தனம் என்று. சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் விடிகாலையில் புதுதில்லியில் இறக்கிவிடுகிறது. நடுவில் வீணாவது ஒரு பகல் மட்டுமே. இரண்டு இரவுகள் ரூம் வாடகை இல்லாமல் கழிகின்றன. வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலை தில்லி. ஸ்லீப்பரில் போகத் தயாராக இருப்பவர்களுக்குச் செலவு ஏ.சி.யில் பாதிகூட ஆகாது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணவன் மனைவி இருவர் மட்டும், ஐந்தே நாள் விடுப்பு, இரண்டு மாதம் முன்பே தேதி உறுதி என்றால் விமானக் கட்டணமும் ஏ.சி. ரயில் கட்டணமும் வழிச் சாப்பாடும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதுண்டு. அவர்கள் விமானத்தில் போவதே சரி. நான்கு பேர், ஐந்து பேர் என்று தலை கூடக் கூட ரயில்தான் ஜெயிக்கும்.

அடுத்தது, காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவுக்குள் ஊரையே சுற்றிக் காட்டிவிடும் ஒருநாள் டூர் பஸ். தலைக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகை மலிவாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு, ஒன்பது இடங்கள் பட்டியலில் இருந்தால், தில்லிப் போக்குவரத்து நெரிசலில் ஒவ்வோர் இடத்துக்கும் மிஞ்சுவது அரைமணி நேரம், கூடிப்போனால் முக்கால் மணி. குதுப் வளாகத்தில் வாசல் வரிசை, சோதனை எல்லாம் தாண்டி உள்ளே போய் 72 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். பக்கத்திலேயே நிற்கும் இரும்புத்தூணின் மேல் குப்தர் கால எழுத்தில் சந்திரன் என்ற மன்னனைப் புகழும் ஆறு வரிக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரத்து அறுநூறு வருட மழையில் நனைந்தும் துருவேறி அழியாத அந்த ஆறு டன் இரும்பைச் சுற்றி வரக்கூட நேரம் இருக்காது. ஆனால் கைவினைப் பொருள் அங்காடி ஒன்றில் மட்டும் பஸ் தாராளமாக நிற்கும். சீட்டு மலிவாக இருப்பதன் காரணம் அங்கே இருக்கிறது: கடைக்காரரிடமிருந்து கமிஷன் வருகிறது, அந்தக் கமிஷன் நாம் வாங்கும் சால்வையின் விலையில் ஏறியிருக்கிறது. கூட வரும் பெரியவர்களுக்கு நடக்க முடியாதே, அவர்களுக்கு இதுதானே வசதி என்று கேட்கலாம். இறங்கி ஏறி, இறங்கி ஏறி ஒன்பது இடம் பார்க்கும் நாள்தான் முழங்கால் வலிக்காரர்களுக்கு மிகக் கொடுமையான நாள். அவர்களுக்காக ஒரே ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து, ஒரே திசையில் மூன்று இடம் போதும் என்று வைத்துக்கொள்வது உடம்புக்கும் நல்லது, பணத்துக்கும் பெரிய நஷ்டமில்லை. மற்ற நாட்களுக்கு மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது.

ரூம் விஷயத்தில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. ஸ்டேஷனை ஒட்டி இருந்தால்தான் வசதி என்று பஹார்கஞ்சில் முதலில் கண்ணில் பட்ட லாட்ஜில் பெட்டியை இறக்குகிறவர்கள் ஒரு பக்கம். இணையத்தில் தேடி, முந்நூறு ரூபாய் குறைகிறது என்று நொய்டாவிலோ துவாரகாவிலோ பதிவு செய்கிறவர்கள் மறுபக்கம். இரண்டாமவரின் கணக்கைப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட்டில் திருத்திய மெட்ரோ கட்டணப்படி 5 முதல் 12 கிலோமீட்டர் வரை 32 ரூபாய், 21 முதல் 32 கிலோமீட்டர் வரை 54 ரூபாய். ஒரு வழிக்குத் தலைக்கு 22 ரூபாய் வித்தியாசம். நான்கு பேர் போக வர 176 ரூபாய். முந்நூறில் பாதிக்கு மேல் இதிலேயே போயிற்று. பகலில் ஒருமுறை ரூமுக்கு வந்து குளித்துப் படுத்து எழுந்து மாலை மறுபடி கிளம்பலாம் என்ற வாய்ப்பும் போயிற்று. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு முந்நூறு ரூபாயைவிடப் பெரிது. கரோல்பாக், பட்டேல் நகர் மாதிரியான இடங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நீல வழித்தடத்தில் ஏறினால் சில நிலையங்களில் ராஜீவ் சௌக், அங்கிருந்து மஞ்சள் தடம் மாறினால் வடக்கே சாந்தினி சௌக், தெற்கே குதுப்மினார். கரோல்பாக் பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி என்பதால் இட்லி கிடைக்குமா என்ற கவலையும் அங்கே குறைவு. பஹார்கஞ்சிலும் நல்ல லாட்ஜ்கள் உண்டு. ஆனால் ரூமைப் பார்க்காமல் முழு வாரத்துக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். ஓர் இரவுக்கு மட்டும் கட்டிவிட்டுப் பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். ஸ்டேஷன் வாசலில் வழிமறித்து, நீங்கள் பதிவு செய்த ஓட்டல் மூடிவிட்டது, வேறு இடம் காட்டுகிறேன் என்கிறவர் சொல்வதை நம்பவே கூடாது. ஓட்டலுக்கே போன் போட்டுக் கேட்டால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

மெட்ரோவில் ஒருநாள் அல்லது மூன்றுநாள் சுற்றுலா அட்டை வாங்கிவிட்டால் லாபம் என்பதும் பரவலான எண்ணம். தினமும் ஐந்தாறு முறை ஏறி இறங்குகிறவருக்குத்தான் அது லாபம். அப்படி ஏறி இறங்குகிறவர் திட்டமில்லாமல் அலைகிறார் என்றே பொருள். சாதாரண ஸ்மார்ட் கார்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் தள்ளுபடி. காலை எட்டு மணிக்கு முன்பும், மதியம் 12 முதல் 5 வரையும், இரவு ஒன்பதுக்குப் பிறகும் ஏறினால் இன்னொரு 10 சதவீதம். ஒரு நாளை ஒரே திசைக்கு ஒதுக்கியவருக்கு அன்றைக்குத் தேவை இரண்டு மூன்று பயணம்தான். நகரப் பேருந்தையும் மறக்க வேண்டாம், ஏ.சி. பேருந்திலேயே அதிகபட்சக் கட்டணம் 25 ரூபாய்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு திங்கட்கிழமையில் ஒளிந்திருக்கிறது. எந்தக் கிழமையானால் என்ன, எல்லா இடமும் திறந்துதானே இருக்கும் என்று கிளம்புகிறவர்கள் அன்றைக்குத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தீன்மூர்த்தி வளாகத்துப் பிரதமர்கள் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் திங்கள் விடுமுறை. மிருகக்காட்சிசாலைக்கு வெள்ளி. ஆக்ராவில் தாஜ்மகாலுக்கும் வெள்ளி. செங்கோட்டை வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்துத் தாமரைக் கோயில் போய், அங்கேயும் பூட்டைப் பார்க்கும் குடும்பம் அன்று செலவழிப்பது முழுக்க வீண் செலவு. குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆகவே திங்களைக் குதுப்புக்கும் அதை ஒட்டிய மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்கும் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் மஞ்சள் தடத்திலேயே ஜோர்பாக்கில் இறங்கி மாலையை லோதி தோட்டத்தில் கழிக்கலாம்.

இப்படிக் கிழமையையும் திசையையும் சேர்த்துப் பிரித்தால் மற்ற நாட்கள் தாமாகவே இடத்தில் வந்து உட்காரும். ஞாயிறன்று சாந்தினி சௌக்கில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வெள்ளி நண்பகலில் ஜும்மா மசூதியில் தொழுகை, பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஆகவே பழைய தில்லிக்குச் செவ்வாய் அல்லது புதன். செங்கோட்டையைக் காலையில் முடித்து, எதிரே நீளும் சாந்தினி சௌக் கடைவீதிக்குள் நடக்கலாம். பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லாததால் பழைய நாட்களைப் போல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. வியாழன் ஹுமாயூன் கல்லறைக்கு. மாலையில் சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் தர்கா, வியாழன்தோறும் கவ்வாலி. ஒரு முழு நாள் தேசிய அருங்காட்சியகத்துக்கும் கர்தவ்யா பாதைக்கும். பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ள, உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய மொகஞ்சதாரோ நடனப் பெண் அங்கேதான் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளத்து நடராசரும் அங்கேதான் இருக்கிறார், காலைத் தூக்கி வீசாமல் இரு முழங்கால்களையும் மடித்து ஆடும் சதுர தாண்டவக் கோலத்தில். நம்மூர் ஆட்கள் பலர் அந்த வாசலைக் கடந்து இந்தியா கேட்டுக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரே நகரத்தில் ஏழு நாள் என்ன செய்வது, சலித்துவிடாதா என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஓர் அருங்காட்சியகமே பதில் சொல்லும். ஒரு மாலையை ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு வைத்துக்கொள்ளலாம்; 1973-இல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாதன் கோயில், சின்னக் குன்றின் மேல்.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். நம் சாப்பாடு கிடைக்கும், ஆனால் கன்னாட் பிளேஸில் தோசைக்குக் கொடுக்கும் விலைக்கு இருவர் சோலே குல்ச்சா வயிறு நிறையச் சாப்பிடலாம். அசோகா சாலை ஆந்திர பவன் கேண்டீனில் சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வரும். பங்களா சாகிப் குருத்வாராவில் லங்கர் சாப்பாடு இலவசம். அது ஏழைகளுக்கானது, நாம் போய் உட்காரலாமா என்ற கூச்சம் வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. தலையில் துணி, காலில் செருப்பில்லாமல் போக வேண்டும். ரொட்டி வரும்போது இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். தட்டை நீட்டுவது அங்கே வழக்கமில்லை. தட்டில் மீதி வைக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் இடத்தில் அரைமணி நேரம் கைகொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

பருவத்தில் நாம் செய்யும் தவறு விலை அதிகமானது. குளிர் காலம்தான் தில்லிக்கு ஏற்றது என்று அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கல் விடுமுறைக்கும் கிளம்புகிறார்கள். டிசம்பர் கடைசி, ஜனவரியில் வட இந்தியா முழுவதையும் மூடும் மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், விமானங்கள் ரத்தாகும், காற்றும் மூச்சுவிட முடியாதபடி கெட்டிருக்கும். குடியரசு தினத்தை ஒட்டிச் செங்கோட்டையும் சில நாட்கள் மூடப்படும். மே மாதத்திலோ வெயில் 45 டிகிரி வரை போகும். ரூம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பகல் பதினொன்றுக்கு மேல் வெளியே நிற்க முடியாமல் ஏ.சி. காரைத் தேடுவோம். நல்ல மாதங்கள் பிப்ரவரி, மார்ச், அப்புறம் மழை ஓய்ந்த அக்டோபர் முதல் பாதி. பிள்ளைகளின் படிப்பை வைத்து முடிவெடுக்க வேண்டியவர்களுக்குக் காலாண்டு விடுமுறை கச்சிதமாகப் பொருந்துகிறது. அதை விட்டுவிட்டு அரையாண்டு விடுமுறைக்குக் காத்திருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இந்தி தெரியாவிட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோவில் பேரம் கிடையாது, செயலியில் கூப்பிடும் வண்டியில் கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும், ஸ்டேஷன்களில் போக்குவரத்துக் காவல்துறையின் முன்பண ஆட்டோ கவுண்டர் இருக்கிறது. மொழி தெரிந்தவர்களும் ஏமாறுகிற இடம் கடைவீதிப் பேரம் ஒன்றுதான்.

கடைசியாக, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஆக்ரா, மதுரா, ஹரித்வார், முடிந்தால் ஜெய்ப்பூரும் பார்த்துவிடலாம் என்ற ஆசை. ஒரு வாரத் திட்டத்தைக் குலைப்பதில் இதற்கு இணை கிடையாது. ஒவ்வொன்றும் போக வர நான்கு முதல் பத்து மணி நேரத்தை விழுங்கும்; தில்லியில் வாடகை கொடுத்த ரூம் அன்று பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். ஆனால் தாஜ்மகாலைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டுப் பெரியவர்கள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள் என்பதும் உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது. ஆக்ரா தில்லியிலிருந்து தனியாகப் போய்வர வேண்டிய ஊரல்ல, நாம் ஊர் திரும்பும் வழியிலேயே இருக்கிறது. புதுதில்லியில் இரவு கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கன்டோன்மென்டிலும் நிற்கும். கடைசி நாள் காலையில் ரூமைக் காலி செய்து, பெட்டியோடு ரயிலில் ஆக்ரா போய், ஸ்டேஷன் கிளாக் ரூமில் பெட்டியை வைத்துவிட்டுத் தாஜ்மகால் பார்த்துவிட்டு, இரவு அங்கேயே ஏறிக்கொள்ளலாம். புதுதில்லியிலிருந்து சீட்டு எடுத்து, ஏறும் இடத்தை ஆக்ரா என்று போட்டால் போதும். தில்லிக்குத் திரும்பும் செலவும் ஓர் இரவு வாடகையும் மிச்சம். அந்த நாள் வெள்ளியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹரித்வாரும் ஜெய்ப்பூரும் இன்னொரு விடுமுறைக்கு இருக்கட்டும்.

ரயில் முன்பதிவு இப்போது 120 நாளுக்கு முன் திறப்பதில்லை. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். காலாண்டு விடுமுறைக்குச் செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறவர்கள் ஜூலைக் கடைசியில் காலை எட்டு மணிக்கே கணினி முன் உட்கார வேண்டும். முன்பதிவு திறக்கும்போது இணையத்தில் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் சீட்டு எடுக்க முடியும் என்பதால் அந்த வேலையை அதற்கு முந்தைய வாரமே முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.